ஆறாவது படியில் ஒரு கீறல்

என் அண்ணியால் எதையும் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. துவைத்த சட்டையை உதறினால் வெளிச்சத்துக்கு நேரே ஒரு தரம் பிடிப்பாள். டம்ளரைக் கழுவினால் சன்னலுக்கு நேரே பிடிப்பாள். கல்யாணமான புதிதில் என் அண்ணன், "ஒரு நாள் என்னையும் காதைப் பிடிச்சுத் தூக்கிப் பாக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தொழில் கொடுத்த பழக்கம் அது. ஆஸ்பத்திரி இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எக்ஸ்ரே எடுக்கிறவர் வேறு, கழுவுகிறவர் வேறு. வெளியே மேசையில் நோயாளியைப் படுக்கவைத்து சுவிட்சை அழுத்துகிறவரை நாங்கள் பொத்தான்காரர் என்போம். அவர் எடுத்த பிலிம் மூடிய தட்டில் இருட்டறைக்கு வரும். அங்கே ஒரு சின்னச் சிவப்பு விளக்குதான். அண்ணி பிலிமைக் கம்பிச் சட்டத்தில் மாட்டி முதல் தொட்டி மருந்தில் முக்குவாள். படம் கறுப்பது அதில்தான். பிறகு தண்ணீர். பிறகு படத்தை நிலைக்கவைக்கும் இன்னொரு மருந்து. மறுபடி தண்ணீர், அப்புறம் காய வேண்டியது. அந்தத் தொட்டிகளும் சட்டங்களும் நான் செய்துகொடுத்தவை. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரேதான் என் தகரப்பட்டறை. அந்த அறையின் புளித்த நெடிகூட எனக்குப் பழக்கம்.

மருந்து டப்பாவோடு வந்த காகிதம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. இருபது டிகிரி சூட்டில் ஐந்து நிமிஷம் என்று அதில் போட்டிருக்கும். அதை யாரும் படித்ததில்லை. அண்ணிக்குக் கண்தான் கடிகாரம். முக்குவாள், தூக்குவாள், சிவப்பு விளக்குக்கு நேரே பிடித்து ஒரு பார்வை. போதாது என்றால் மறுபடி முக்குவாள். போதும் என்றால் 'ம்' என்று ஒரு சத்தம், படம் தண்ணீருக்குப் போய்விடும். இரண்டு நிமிஷமோ, இரண்டரையோ. படம் கெட்டது என்று பேச்சே வந்ததில்லை.

"தங்கச்சி கை பட்டாப் போதும், கறுப்பும் வெளுப்பும் தானா வந்து உக்காந்துக்கும்" என்பார் பொத்தான்காரர். அண்ணியும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். வீட்டில் அவளை யார் புகழ்ந்தோம்?

நோயாளிகள் கூட்டம் அதிகமாகி, இருட்டறைக்கு இன்னொரு ஆள் வந்தாள். நாற்பது வயசிருக்கும். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் இதே வேலை பார்த்தவள். கணவன் போன பிறகு, நடக்க முடியாத தாயைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். ஆஸ்பத்திரி பின்னால் ஒற்றை அறை கொடுத்திருந்தார்கள். மூன்று மாசம் வேலையைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வதாக ஏற்பாடு. வேண்டாம் என்றால் அந்த அறையும் போகும்.

வந்த அன்றே பையிலிருந்து சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்துத் தொட்டிக்குள் விட்டாளாம். அப்புறம் ஒரு மணியடிக்கும் கடிகாரத்தை எடுத்து வைத்தாளாம். அண்ணி வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"தொட்டிக்குக் காய்ச்சல் பாக்குது தம்பி! நாளைக்கு மாத்திரை குடுக்கும்போல."

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் கடிகாரம்.

ஆனால் கடிகாரம் கழுவிய படமெல்லாம் அடுப்புக்கரியாக வந்தது. இருபது டிகிரி, ஐந்து நிமிஷம், ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. எடுத்துப் பார்த்தால் எலும்பும் கறுப்பு, சதையும் கறுப்பு. மறுபடி எடுக்கவேண்டி வந்தால் அண்ணியைத் தேடி ஓடுவார்கள். அண்ணி கழுவினால் சரியாக வரும்.

ஒரு நாள் தொட்டியில் ஒழுகல் என்று கூப்பிட்டார்கள். நான் குனிந்து பற்றவைப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே சண்டை.

"அண்ணே, நீங்க எக்ஸ்ரே கதிரை அதிகமா வெக்கிறீங்க. பாதியாக் குறைச்சுப் பாருங்க" என்றாள் கடிகாரம்.

"இத்தனை வருஷமா இதே எண்தான்மா வெக்கிறேன். கைக்குப் பதினாறு. தங்கச்சி கழுவுனா நல்லா வருது, நீ கழுவுனா கறுக்குது. மாறினது யாரு, நானா?"

எனக்கும் அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. கீழே கிடந்தபடியே, "கடிகாரத்தைக் கொஞ்சம் வேகமா ஓடவிடும்மா" என்று நான் வேறு சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாம் மாசம் அண்ணி விழுந்தாள். இருட்டறையிலேயேதான். படத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் சொட்டிய மருந்து தரையில் வழவழத்துக் கிடந்திருக்கிறது. கால் வழுக்கி, வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு வீங்கிப் போனது.

பொத்தான்காரர் பதறிக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தார். கடிகாரம் கழுவினாள். கரி. மறுபடி எடுத்தார், மறுபடி கழுவினாள். மறுபடி கரி. அண்ணிக்கு வந்த கோபத்தில் வலி பறந்துவிட்டது. "இன்னொண்ணு எடுங்கண்ணே" என்று கையை வைத்துக் காட்டிவிட்டு, தானே இருட்டறைக்குள் போய் இடது கையால் முக்கி, தூக்கி, பார்த்து, 'ம்' என்று முடித்தாள். படம் சாம்பல் நிறத்தில் வந்தது. எலும்பு தெரிந்தது.

"பாத்தியா? ஒத்தக் கையி! அதுவும் இடது கையி!"

கடிகாரம் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

எலும்பு பார்ப்பதும் ஆஸ்பத்திரியை நடத்துவதும் பெரிய டாக்டர்தான். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்து, "முறிவு ஒண்ணும் தெரியல. சுளுக்குத்தான்" என்று கட்டுப் போட்டு அனுப்பினார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "புதுசா வந்தவங்களைப் பத்தி நீங்க எழுதிக் குடுங்கம்மா. வெச்சுக்கலாமா வேணாமான்னு. அடுத்த வாரம் போயி அதுக்கடுத்த சனிக்கிழமை முடிவு பண்ணிடுவோம். அந்த அறையில உங்களுக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வரும் வழியில், "என்ன எழுதப்போறீங்க?" என்று கேட்டேன்.

"வேணாம்னுதான். பாவம்தான். அதுக்காக ஊர்க்காரங்களையெல்லாம் ரெண்டு தடவை எக்ஸ்ரே எடுக்கவெக்க முடியுமா?"

பத்து நாள் ஆயிற்று. சுளுக்கு இறங்கவில்லை. அண்ணியால் குழாயைத் திருக முடியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி இருக்கிறதே, அதைத் தொட்டால் துடிக்கிறாள். அண்ணன் பார்த்துவிட்டு, "டேய், இவளைத் தூக்கிப் பாக்கறதுக்குக் கூட்டிட்டுப் போடா" என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு அதுதான் வாயில் வந்தது.

பெரிய டாக்டர் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பத்து நாளாக எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் செய்து அண்ணியின் இடது கையும் ஓய்ந்துபோயிருந்தது. கழுவ முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். கடிகாரம் பொத்தான்காரர் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா கையிண்ணே. ஒரே ஒரு தடவை எட்டுல வையுங்க. படம் கெட்டுப்போனா நாளையிலிருந்து நான் வரல. அக்கா எழுதிக் குடுக்கவும் வேணாம்."

பொத்தான்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது ஆசையையும்தான் தீத்துவைங்களேன்" என்றாள். அவர் எண் குமிழைத் திருகி எட்டில் வைத்தார்.

ஐந்து நிமிஷம் கழித்து மணி அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஈரப் படத்தோடு கடிகாரம் வெளியே வந்தாள்.

எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. ஆனால் நல்ல வெட்டு எது, பிசிறு வெட்டு எது என்று தெரியும். அந்தப் படம் கூர்மையான கத்தரியால் வெட்டியதுபோல இருந்தது. சுற்றிலும் கறுப்பு, எலும்பு வெள்ளை, எலும்புக்குள்ளே நூல்நூலாகக் கோடுகள். கட்டைவிரல் பக்கத்துச் சின்ன எலும்பில் தலைமயிர் விழுந்தமாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதுதான் விரிசல்.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். "இது ஒரு திருட்டு எலும்பும்மா" என்றார். "உடைஞ்ச அன்னைக்குப் பல பேருக்குத் தெரியாது. பத்து நாள் கழிச்சுத்தான் வாயைத் திறக்கும். உங்க படத்து மேல தப்பு ஒண்ணும் இல்ல." மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்.

நான் அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அண்ணி சன்னலோரம் நிற்கிறாள். பத்து நாளுக்கு முந்தைய சாம்பல் படத்தைப் பிடிப்பாள், கீழே வைப்பாள், புதுப் படத்தைப் பிடிப்பாள். பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. அண்ணன் அணைத்துவிட்டு வந்தான்.

"விடேன். டாக்டரே சொல்லிட்டாரே."

"டாக்டர் எலும்பைப் பத்திச் சொன்னாரு. நான் படத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"யாருகிட்ட கேக்கற?"

அவள் மறுபடி பழைய படத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். மத்தியானம் கட்டுப் போட்ட கையோடு என் பட்டறைக்கு வந்தாள்.

"தம்பி, அலுமினியத்துல ஒரு படிக்கட்டு செஞ்சு குடு."

"யாரு ஏற? எறும்பா?"

"விரல் நீளம் போதும். பத்துப் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தகடு கனம் கூடணும். கடிகாரம் வேலை பாத்த ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களாம். படிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தா, பத்துப் படியும் பத்து நிறமா வரணுமாம். எலும்புன்னா இன்னைக்கு ஒண்ணு காட்டும், நாளைக்கு ஒண்ணு காட்டும். தகடு அப்படி மாறாது இல்ல?"

கடிகாரத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

ஒரு மில்லிமீட்டர் கனத் தகட்டைப் பத்துத் துண்டாக வெட்டினேன். ஒன்றைவிட ஒன்று குட்டை. அடுக்கி ஓரத்தில் இரண்டு ஆணி அடிக்கும் முன்னால், ஆறாவது தகட்டின் அடிப்பக்கம் கோடு போடும் ஊசியால் அழுத்தி ஒரு கீறல் இழுத்தேன். அடுக்கிய பிறகு வெளியே தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி எலும்பிலிருந்த அந்த மயிரிழைக் கோடு என் கண்ணைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டை மேசையில் வைத்தார்கள். முதலில் பொத்தான்காரரின் பழைய எண், பதினாறு. அதை அண்ணி இடது கையால் தன் வழக்கப்படி கழுவினாள். அடுத்தது எட்டு. அதைக் கடிகாரம் ஐந்து நிமிஷம் வைத்துக் கழுவினாள். இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினோம்.

அண்ணியின் படம் பார்க்கப் பழகிய படம். அதே சாம்பல். ஆனால் படிகளை எண்ணச் சொன்னால் தடுமாற வேண்டியிருந்தது. மூன்றும் நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறும் ஏழும் அப்படியே. பொத்தான்காரர் ஏழு என்றார், நான் எட்டு என்றேன். கடிகாரத்தின் படத்தில் பத்துப் படி. குழந்தைகூட எண்ணிவிடும்.

கடிகாரம் திடீரென்று குனிந்து பார்த்தாள். "ஐயோ, ஆறாவதுல ஒரு கோடு. என் நகம் பட்டிருக்கும்போல."

அண்ணி படத்தை எடுத்தாள். தூக்கினாள். சாய்த்துப் பார்த்தாள்.

"நகம் பட்டா மேல தடம் மின்னும். இது மேல இல்ல, உள்ள இருக்கு." அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன செஞ்சு வெச்ச?"

சொன்னேன்.

அண்ணி தன் படத்தை எடுத்து ஆறாவது படியைத் தேடினாள். கோடு இல்லை. வெகுநேரம் பார்த்தாள். இருக்கிறது என்று தெரிந்த பிறகு உற்றுப் பார்த்தால் இருப்பதுபோலவும் இருந்தது. தெரியாதவனுக்கு அது வெறும் சாம்பல்.

"அண்ணே," என்றாள் பொத்தான்காரரிடம், மெதுவாக, "பதினாறு எப்ப வந்துச்சு? நான் வந்தப்ப கைக்கு எட்டோ ஒன்பதோதானே வெச்சீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். யோசித்து யோசித்துத்தான் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம். தொட்டியைச் சூடாக்கும் கம்பி எரிந்துபோய் இரண்டு மாசம் மருந்து ஜில்லென்று கிடந்தது. ஜில்லென்ற மருந்தில் படம் கறுக்காது. எல்லாப் படமும் வெளுத்து வந்ததால் அவர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

"கம்பியை மாத்தினப்புறம் ஏன் இறக்கல?"

"நீ நல்லாத்தானே கழுவிக் குடுத்த! நான் எதுக்கு இறக்கணும்?"

"கறுத்துப்போகுதேன்னு நான் சீக்கிரமா எடுக்க ஆரம்பிச்சேன்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, தங்கச்சி?"

"நீங்களும்தான் கூட்டினேன்னு சொல்லல."

நடுவில் ஒரு கதவு. அவர் பக்கம் அவர் கூட்டினார், இவள் பக்கம் இவள் குறைத்தாள். பதினோரு வருஷம் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கம்பியை மாற்றிப் பொருத்தியவன் நான். போய் மருந்து சூடாகிவிட்டது என்று இரண்டு பேரிடமும் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை பேருக்கு ரெண்டு பங்கு கதிர் போயிருக்கும். எத்தனை பேரை 'ஒண்ணும் இல்ல, சுளுக்கு'ன்னு அனுப்பியிருப்போம்" என்றாள்.

கடிகாரம் வெற்றி முகம் காட்டவில்லை. "என் படமும்தானேக்கா கரியா வந்துச்சு. அதுல மட்டும் யாருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? நீங்க கேக்க வரலேன்னா நாளைக்கு மூட்டையைக் கட்டியிருப்பேன்" என்றாள்.

அண்ணியின் வலது கையில் கட்டு இருந்ததால் அன்று சாயங்காலம் கடிதத்தை நான்தான் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும். 'புதிதாக வந்தவரின் வேலை சரியானது. அவரை வைத்துக்கொள்ள வேண்டும்' என்பது முதல் வரி. பேனாவை மூடப் போனேன்.

"இன்னும் இருக்கு, எழுது. படம் கறுத்ததுக்குக் காரணம் அவர் இல்லை. பதினோரு வருஷமா நான் நேரத்துக்கு முன்னாடி எடுத்து..."

"அண்ணி, முதல் வரி போதும். அவ வேலை நிலைச்சுடும். உங்க பேரும் நிக்கும். எதுக்கு நீங்களே தலையை நீட்டறீங்க?"

"என் பேரு நிக்கும். பொத்தானும் பதினாறுலயே நிக்கும். அவ கழுவறது மறுபடி கரியாத்தான் வரும். எழுதுடா."

என்னை அவள் 'டா' போட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானும்தான் பதினோரு வருஷமா அந்தச் சாம்பலைப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். கடிகாரத்துக்கு அன்றே வேலை உறுதியானது. பொத்தான்காரர் எண் பட்டியலை முழுக்க அழித்து, படிக்கட்டை வைத்துப் புதிதாக எழுதினார். கைக்கு எட்டு.

கட்டு இருந்த இரண்டரை மாசமும் அண்ணி வீட்டில் இருக்கவில்லை. பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டு வலி தீராமல் திரும்பி வந்தவர்களைத் தேடினாள். இரண்டு வருஷத்தில் பத்தொன்பது பேர். எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள். ஆறு பேர் வந்தார்கள். ஒரு கொத்தனாருக்கு மணிக்கட்டில் அதே சின்ன எலும்பு, சேராமலே இருந்தது. அறுவை செய்தார்கள். அவர் அண்ணியிடம், "கூப்பிட்டு விட்டீங்களே, நல்லா இருப்பீங்க" என்றாராம். அதை வீட்டில் சொன்ன அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகு, தொட்டி மூடிக்குக் கைப்பிடி போட நான் ஒரு நாள் உள்ளே போயிருந்தேன். திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலையில் முதல் எக்ஸ்ரே என் படிக்கட்டுக்குத்தான். கடிகாரம் சூட்டைப் பார்த்து "இருபது" என்றாள். அண்ணி பிலிமை முக்கினாள். மணியை வைத்தாள். பிறகு தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். தரை காய்ந்து கிடந்தது.

"என்ன அண்ணி, தண்டனையா?"

"தூக்கிப் பாக்கச் சொல்லிக் கை அரிக்குது தம்பி."

"பாருங்களேன். இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது?"

"வாயை மூடு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"இன்னும் ஒண்ணரை நிமிஷம்க்கா" என்றாள் கடிகாரம்.